மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தால் நல்லதுதானே? அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு மசோதாக்கள் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: “ஒபாமாகேரை மாற்றுகிறோம் என்று அமெரிக்காவில் வரும் ஒவ்வொரு மசோதாவிலும் ‘மாநிலங்களுக்குக் கூடுதல் சுதந்திரம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மாநில உரிமை என்றால் நல்ல விஷயம்தானே? அதை ஏன் மருத்துவர் சங்கமும் நோயாளிகள் அமைப்புகளும் எதிர்க்கின்றன?”

மாநில உரிமை என்றதும் நம்மவர்கள் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. எனக்கும் அப்படித்தான். ஆனால் இந்த மசோதாக்களைக் கையில் எடுத்தால் இரண்டு இடங்களைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். எந்த விதியை மாநிலம் தளர்த்தலாம் என்கிறார்கள் என்பது ஒன்று. அதோடு எவ்வளவு பணம், எத்தனை வருடத்துக்கு வருகிறது என்பது இன்னொன்று. 2017-ல் மட்டும் மூன்று மசோதாக்கள் ஒரே முழக்கத்தோடு வந்தன. மூன்றும் செய்ய நினைத்தது வேறு வேறு.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிப்பது நெடுங்காலமாக மாநிலங்களின் வேலை. 1945-ல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதி செய்தது. அதனால் 2010 வரை ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நியாயம். நியூயார்க்கில் நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் ஒரே பிரீமியம். பெரும்பாலான மற்ற மாநிலங்களில், தனியாக பாலிசி வாங்கப் போனவரிடம் பழைய நோய்களையெல்லாம் எழுதி வாங்கிவிட்டு, முடியாது என்று திருப்பி அனுப்பலாம். தனிநபர் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் பிரசவச் செலவு கிடையாது. மாநிலச் சுதந்திரம் அப்போதும் தாராளமாகத்தான் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், அதாவது ஒபாமாகேர், நாடு முழுக்க ஒரு குறைந்தபட்ச அளவை வைத்தது. யாருக்கும் பாலிசி மறுக்கக் கூடாது. நோயைக் காட்டி அதிகம் வாங்கக் கூடாது. வயதுக்காகக் கூட்டலாம், ஆனால் மூன்று மடங்குக்கு மேல் கூடாது. பிரசவம், மருந்து, மனநலச் சிகிச்சை உட்பட பத்து வகைச் செலவுகளைக் கட்டாயம் ஏற்க வேண்டும்.

அதே சட்டத்திலேயே மாநிலச் சுதந்திரத்துக்கும் ஒரு கதவு இருக்கிறது, 1332-ம் பிரிவு. இதைக் கொண்டுவந்தவர் ஒரேகானின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ரான் வைடன். 2017 ஜனவரியிலிருந்து ஒரு மாநிலம் சட்டத்தின் பல பகுதிகளுக்கு விலக்கு கேட்கலாம். பாலிசி வாங்க அரசு அமைத்த சந்தை, பிரீமியத்துக்கான மானியம், பத்து வகைச் செலவு விதி, எதை வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். நிபந்தனை நான்கு. பாலிசியின் தரம் குறையக் கூடாது, மக்கள் கையை விட்டுப் போகும் செலவு கூடக் கூடாது, காப்பீடு உள்ளவர்கள் எண்ணிக்கை குறையக் கூடாது, மத்திய அரசின் பற்றாக்குறை ஏறக் கூடாது. ஆனால் நோயாளிக்குப் பாலிசி மறுக்கக் கூடாது, நோயைக் காட்டி விலை ஏற்றக் கூடாது என்ற இரண்டையும் இந்தப் பிரிவின் கீழ் தொடவே முடியாது. அதாவது ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், எந்த வழியில் போனாலும் சரி என்கிற சுதந்திரம்.

இதைப் பயன்படுத்த முதலில் ஆசைப்பட்டது இடதுசாரிப் பக்கம்தான். எல்லோருக்கும் அரசே காப்பீடு என்று வெர்மான்ட் 2011-ல் சட்டம் போட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சம்பளத்தின் மேல் 11.5 சதவீத வரியும், அதற்கு மேல் குடும்பங்களிடம் வருமானத்தில் 9.5 சதவீதம் வரையும் வசூலிக்க வேண்டியிருந்தது. ஆளுநர் பீட்டர் ஷம்லின் 2014 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார். முதல் விலக்கு ஹவாய்க்குப் போனது. அங்கே 1974-லேயே வாரம் 20 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு முதலாளி காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் உண்டு. சிறு நிறுவனங்களுக்கான தனிச் சந்தை தேவையில்லை என்று கேட்டார்கள், கிடைத்தது.

உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது அலாஸ்காவிடம். பெரிய நிலம், குறைந்த மக்கள், விமானத்தில்தான் போக வேண்டிய ஊர்கள், நாட்டிலேயே மிக உயர்ந்த மருத்துவச் செலவு. தனிநபர் சந்தையில் இருந்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். இவ்வளவு சிறிய கூட்டத்தில் சிலருக்குப் புற்றுநோய், சிலருக்கு டயாலிசிஸ் என்று வந்தால் மொத்தப் பேரின் பிரீமியமும் எகிறிவிடும். எகிறியது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெளியேறி, 2017-க்கு பிரெமேரா என்ற ஒரே கம்பெனி மிஞ்சியது. அந்த வருடத்துக்கு 42 சதவீதம் உயர்வு இருக்கும் என்று கணக்குச் சொன்னது.

குடியரசுக் கட்சி வலுவாக உள்ள அந்த மாநிலம் 2016-ல் 5.5 கோடி டாலர் ஒதுக்கி ஒரு மறுகாப்பீட்டுத் திட்டம் போட்டது. 33 நோய்களின் பட்டியல் ஒன்று தயாரானது. அதில் ஏதாவது ஒன்று இருக்கும் நோயாளியின் செலவை பிரெமேரா மாநிலத் திட்டத்திடம் தள்ளிவிடலாம், அவர் கட்டிய பிரீமியத்தையும் சேர்த்து. நோயாளிக்கு இது எதுவும் தெரியாது. அதே அட்டை, அதே டாக்டர், மற்றவர்களுக்கு உள்ள அதே பிரீமியம். 42 சதவீதம் என்று பயமுறுத்திய உயர்வு 7 சதவீதத்தோடு நின்றது.

அப்புறம்தான் சாமர்த்தியம். மத்திய அரசு தரும் பிரீமியம் மானியம் அந்த ஊர்ப் பிரீமியத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அலாஸ்கா தன் காசைப் போட்டு பிரீமியத்தைக் குறைத்ததும், மிச்சமானது வாஷிங்டனின் பணம். “நாங்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்ததை எங்களிடமே கொடுங்கள்” என்று 1332-ம் பிரிவின் கீழ் கேட்டார்கள். 2017 ஜூலையில் டிரம்ப் அரசு ஒப்புக்கொண்டது. முதல் வருடமே சுமார் 5.8 கோடி டாலர் வந்தது. இந்தத் திட்டத்தை நடத்தியது யார் என்றால், நோயாளிகளைத் தனியே ஒதுக்கி அதிக விலைக்குக் காப்பீடு விற்க முன்பு அமைத்த அதே மாநிலச் சங்கம். நிறுவனம் பழையது, வேலை நேர் எதிர். முன்பு நோயாளியைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள், இப்போது அவருடைய பில்லை மட்டும் தனியே எடுத்தார்கள். பின்னால் ஒரேகான், மேரிலாந்து, விஸ்கான்சின் என்று இரண்டு கட்சி மாநிலங்களும் தங்கள் தங்கள் முறையில் மறுகாப்பீட்டுக்கு இறங்கின.

சரி, 2017 மசோதாக்களுக்கு வருவோம்.

பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி கொண்டுவந்த மசோதா மார்ச் 24 அன்று ஓட்டு போதாமல் திரும்பப் பெறப்பட்டது. அதை உயிர்ப்பித்தது நியூஜெர்சி உறுப்பினர் டாம் மக்கார்தரின் திருத்தம். மே 4 அன்று 217-213 என்று தப்பிப் பிழைத்தது. இந்தத் திருத்தம்தான் “மாநிலச் சுதந்திரம்” என்பதன் இரண்டாவது வகை. பத்து வகைச் செலவு எவை என்று மாநிலமே முடிவு செய்யலாம். வயது விகிதத்தை மாநிலமே வைத்துக்கொள்ளலாம். இதற்கிடையில் 63 நாளுக்கு மேல் காப்பீடு விட்டுப்போன ஒருவரிடம், மாநிலம் விலக்கு வாங்கியிருந்தால், நோயைப் பார்த்து விலை வைக்கலாம். 63 நாள் என்பது வேலை போன ஒருவருக்கு எவ்வளவு சுலபமாகக் கடந்துபோகும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“நோயாளிக்குப் பாலிசி மறுக்க முடியாது என்ற விதி அப்படியேதான் இருக்கிறது” என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். எழுத்துப்படி சரி. கடையைத் திறந்து வைக்க வேண்டும், ஆனால் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றால், திறந்த கடையால் யாருக்கு என்ன பயன்?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் இதே மசோதாவின் மார்ச் வடிவத்துக்குப் போட்ட ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதில் எல்லாமே நான்கு எண்ணில் தெரிந்துவிடும். 2026-ல், வருடத்துக்கு 26,500 டாலர் சம்பாதிக்கும் இரண்டு பேர். ஒருவருக்கு வயது 21, இன்னொருவருக்கு 64. இருந்த சட்டப்படி இளைஞரின் பிரீமியம் 5,100, பெரியவருக்கு 15,300. சரியாக மூன்று மடங்கு. மானியம் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதால், கழித்தபின் இருவருமே கட்டுவது 1,700. புதிய மசோதாவில் ஐந்து மடங்கு: இளைஞருக்கு 3,900, பெரியவருக்கு 19,500. மானியமோ இந்த அளவு சம்பாதிப்பவர்களுக்கு வருமானத்தைப் பார்க்காது, வயதை மட்டும் பார்க்கும். இளைஞருக்கு 2,450, பெரியவருக்கு 4,900. கழித்தால் இளைஞர் கட்டுவது 1,450. பெரியவர் கட்டுவது 14,600. அதாவது அவருடைய வருமானத்தில் பாதிக்கு மேல். மாநிலங்கள் விரும்பினால் இந்த ஐந்து மடங்கையும் மாற்றலாம் என்பதுதான் சுதந்திரம்.

மே மாதம் நிறைவேறிய வடிவத்துக்கு அதே அலுவலகம் சொன்னது: 2026-ல் காப்பீடு இல்லாதவர்கள் 2.3 கோடி பேர் கூடுவார்கள், பற்றாக்குறை பத்து வருடத்தில் 11,900 கோடி டாலர் குறையும். மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கினர் பத்து வகைச் செலவு, நோயைப் பார்த்து விலை என்ற இரண்டு விலக்குகளையும் பெரிய அளவில் பயன்படுத்தும் மாநிலங்களில் இருப்பார்கள், அங்கே நாள்பட்ட நோயாளிகளுக்கு முழுமையான பாலிசி எட்டாத விலைக்குப் போய்விடும். அந்த மாநிலங்களில் ஆரோக்கியமானவர்களுக்கு விலை குறையும் என்பதையும் அது மறைக்கவில்லை. அந்த ஆதாயமும் உண்மைதான். அதை யார் தலையில் கட்டி எடுக்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

ஒரு சிறு விஷயம், பலர் கவனிக்காதது. வருடத்துக்கு இவ்வளவு, வாழ்நாளுக்கு இவ்வளவு என்று கம்பெனி உச்சவரம்பு வைக்கக் கூடாது என்ற தடை, அந்தப் பத்து வகைச் செலவுகளுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மாநிலம் கீமோதெரபி மருந்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், அதற்கான தடையும் சேர்ந்தே போய்விடும். அப்போதிருந்த விதிப்படி பெரிய நிறுவனங்கள் எந்த மாநிலத்தின் பட்டியலை வேண்டுமானாலும் தங்கள் ஊழியர் பாலிசிக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு மாநிலம் தளர்த்தினால் அதன் காற்று வேறொரு மாநிலத்தில் கம்பெனி காப்பீட்டில் இருப்பவர் வரைக்கும் அடிக்கும். தன் ஊருக்கு மட்டும் எடுக்கும் முடிவு தன் ஊரோடு நிற்கவில்லை.

நோயாளிகளுக்குத் தனித் திட்டம் வைத்துக்கொள்வோம் என்றார்கள். கடைசி நிமிடத்தில் மிச்சிகனின் ஃப்ரெட் அப்டன் 800 கோடி டாலரை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தார். 2010-க்கு முன் 35 மாநிலங்கள் இப்படித் தனித் திட்டம் நடத்திப் பார்த்துவிட்டன. மினசோட்டா 1976-லேயே ஆரம்பித்தது. 35 மாநிலமும் சேர்ந்து இரண்டேகால் லட்சம் பேரைத்தான் சுமந்தன. பிரீமியம் சாதாரண விலையைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. சேர்ந்தபின் பழைய நோய்க்குச் சில மாதங்கள் பணம் கிடையாது. கலிபோர்னியாவில் வருடத்துக்கு 75,000 டாலர் வரை மட்டும்தான், அதற்கும் காத்திருப்புப் பட்டியல். எண்ணம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளிகளை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தால் அங்கே ஆகும் செலவு பயங்கரம். அதைச் சட்டமன்றம் வருடா வருடம் ஒதுக்க வேண்டும், பட்ஜெட் இறுகும் வருடம் கதவைச் சாத்திவிடுவார்கள்.

செனட்டில் அந்த முயற்சி ஜூலை 28 அதிகாலையில் 49-51 என்று விழுந்தது. ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா மர்கோவ்ஸ்கி மூவரும் சொந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். செப்டம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் லிண்ட்சே கிரஹாமும் லூசியானாவின் பில் காசிடியும் இன்னொன்றோடு வந்தார்கள். காசிடி டாக்டர் என்பதால் இதைக் கொஞ்சம் ஆவலோடு படித்தவர்கள் உண்டு. மாநில உரிமை என்ற வகையில் இதுதான் உச்சம். மானியம், ஏழைகளுக்கான அரசு காப்பீடான மெடிக்கெய்டுக்கு ஒபாமாகேர் தந்த விரிவாக்கம் இரண்டையும் எடுத்துவிட்டு, 2020 முதல் மொத்தத் தொகையாக மாநிலத்திடம் கொடுத்துவிடுவது. எப்படிச் செலவழிப்பது என்பது மாநிலத்தின் பாடு.

இங்கேதான் பணம் பற்றிய கேள்வி உட்காருகிறது. மெடிக்கெய்டில் மாநிலம் எவ்வளவு செலவழிக்கிறதோ அதற்கேற்ற பங்கை மத்திய அரசு கொடுக்கும், உச்சவரம்பு இல்லை. மொத்தத் தொகை என்றால் வீட்டுச் செலவுக்கு “மாதம் இவ்வளவுதான், எப்படியோ சமாளி” என்று கொடுப்பது மாதிரி. புது மருந்து வந்தாலும், ஆலை மூடி ஊரே வேலை இழந்தாலும் அதே தொகைதான். 2026-க்குப் பிறகு அந்தத் தொகைகூட மசோதாவில் எழுதப்படவில்லை. அதோடு, மெடிக்கெய்டை விரிவாக்கிய கலிபோர்னியா, நியூயார்க் மாதிரி மாநிலங்களின் பங்கை எடுத்து டெக்சாஸ் மாதிரி விரிவாக்காத மாநிலங்களுக்குக் கொடுக்கும்படி சூத்திரம் அமைந்திருந்தது. நிதிப் பகிர்வு பற்றி நம் ஊரில் நடக்கும் வாதங்களைக் கேட்டவர்களுக்கு இந்த இடம் புதிதாகத் தோன்றாது.

நோயாளி விஷயத்தில், மாநிலம் அவர்களுக்குப் “போதுமான, கட்டுப்படியாகும்” காப்பீடு எப்படிக் கிடைக்கச் செய்யும் என்று விவரித்தால் போதும் என்றது. எது போதுமானது, எது கட்டுப்படியாகும் என்று எங்கும் சொல்லவில்லை. 1332-ம் பிரிவின் நான்கு நிபந்தனைகள் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அங்கே கணக்காளர் கையெழுத்திட்ட எண்கள் வேண்டும். இங்கே ஒரு நல்ல பத்தி எழுதத் தெரிந்தால் போதும்.

அதிகாரம் யாருக்குத் தருகிறோம் என்றார்களோ அவர்களே வேண்டாம் என்றார்கள். இரண்டு கட்சி ஆளுநர்களும் கட்சி சாராத அலாஸ்கா ஆளுநருமாகப் பத்துப் பேர் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். மாநில மெடிக்கெய்ட் இயக்குநர்களின் தேசியச் சங்கமும் எதிர்த்தது, இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு குறுகிய காலத்தில் ஐம்பது மாநிலங்கள் தனித்தனியாகச் செய்ய முடியாது என்று. அலாஸ்கா செனட்டரான மர்கோவ்ஸ்கியின் ஓட்டுக்காக அலாஸ்காவுக்குச் சாதகமான வரிகளைச் செருகிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. செப்டம்பர் 26-ல் ஓட்டெடுப்பே இல்லாமல் முடிந்தது.

மூன்றாவது மசோதா பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் உருப்படியானது என்று தோன்றுகிறது. டென்னசியின் குடியரசுக் கட்சி செனட்டர் லாமர் அலெக்ஸாண்டரும் வாஷிங்டன் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் பேட்டி மர்ரியும் ஆளுநர்களையும் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். அவர்கள் சொன்ன குறை சித்தாந்தம் பற்றியதே அல்ல, காகித வேலை பற்றியது. விலக்குக்கு விண்ணப்பித்தால் முடிவெடுக்க 180 நாள். அதற்கு முன் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும், பல மாநிலங்களில் சட்டமன்றம் வருடத்தில் சில மாதங்கள்தான் கூடும். கம்பெனிகளோ கோடையிலேயே அடுத்த வருட விலையை முடிவு செய்துவிடும். ஓக்லஹாமா மறுகாப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதில் நேரத்துக்கு வராததால் அந்தச் செப்டம்பர் கடைசியில் திரும்பப் பெற்றது. மினசோட்டாவுக்கு விலக்கு கிடைத்தது, கூடவே அதன் ஏழைகளுக்கான தனித் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த மத்தியப் பணம் வெட்டுப்பட்டது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கிய கதை.

அக்டோபர் 17-ல் வந்த அவர்கள் உடன்பாடு இதையெல்லாம் தொட்டது. 180 நாள் 90 ஆகும், அவசரம் என்றால் 45. ஏற்கெனவே வேறொரு மாநிலத்துக்குக் கிடைத்த மாதிரியே கேட்டாலும் சீக்கிரம் முடியும். ஆளுநர் சான்று கொடுத்தாலே விண்ணப்பிக்கலாம். நோயாளிப் பாதுகாப்பு விதிகளில் கை வைக்கவில்லை. இதற்குப் பதிலாக, குறைந்த வருமானக்காரர்கள் டாக்டரிடம் போகும்போது கையிலிருந்து கட்டும் தொகையைக் குறைப்பதற்காக மத்திய அரசு கம்பெனிகளுக்குத் தந்துவந்த பணம் இரண்டு வருடத்துக்கு உறுதி. வருடத்துக்குச் சுமார் 700 கோடி டாலர் வந்த அந்தப் பணத்தை டிரம்ப் ஐந்து நாள் முன்புதான் நிறுத்தியிருந்தார். இரு கட்சியிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர் ஆதரித்தார்கள். பற்றாக்குறை 380 கோடி டாலர் குறையும், காப்பீடு உள்ளவர்கள் எண்ணிக்கை பெரிதாக மாறாது என்று கணக்கு வந்தது. ஆனாலும் ஓட்டுக்கே வரவில்லை. டிசம்பர் வரிச் சட்டம் காப்பீடு வாங்காதவர்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது, நல்லெண்ணம் போனது. அடுத்த மார்ச்சில் கருக்கலைப்பு வாசகம் பற்றிய சண்டையில் மொத்தமும் மூழ்கியது.

சட்டம் மாறாவிட்டாலும் சில மாநிலங்கள் தாங்களே எல்லையைச் சோதித்தன. 2018 ஜனவரியில் ஐடஹோ, ஒபாமாகேர் விதிக்கு உட்படாத பாலிசிகளை விற்கலாம் என்று அறிவித்தது. அதைத் தடுத்துக் கடிதம் எழுதியவர் டிரம்பின் சொந்த அதிகாரி சீமா வர்மா, சட்டம் இன்னும் சட்டமாகத்தான் இருக்கிறது என்று. அதே வருடம் அக்டோபரில் டிரம்ப் நிர்வாகமே வழிகாட்டுதல் மூலம் நான்கு நிபந்தனைகளின் பொருளைத் தளர்த்தியது. பைடன் ஆட்சி 2021-ல் அதை எடுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நிறுத்தப்பட்ட அந்த 700 கோடி டாலரை எந்தப் புதுச் சட்டமும் இல்லாமல் சமாளித்தது மாநிலங்கள்தான். அரசு பணம் தராவிட்டாலும் ஏழைகளுக்குச் சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்பது கம்பெனிகளின் சட்டக் கடமை. அந்தச் செலவை ‘சில்வர்’ என்ற நடுத்தர வகை பாலிசிகளின் விலையில் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று பல மாநிலக் காப்பீட்டு ஆணையர்கள் சொல்லிவிட்டார்கள். மத்திய மானியம் சில்வர் விலையை வைத்தே கணக்கிடப்படுவதால், விலை ஏற ஏற மானியமும் ஏறியது. அந்தக் கூடுதல் மானியத்தை வைத்துப் பலருக்கு மலிவான ‘ப்ரான்ஸ்’ (வெண்கல) வகை பாலிசி ஒரு டாலர்கூடக் கட்டாமல் கிடைத்தது. பணத்தை நிறுத்தினால் பத்து வருடத்தில் பற்றாக்குறை 19,400 கோடி டாலர் கூடும் என்று பட்ஜெட் அலுவலகம் ஆகஸ்டிலேயே எச்சரித்திருந்தது, காரணம் இதேதான். சில மாதங்களில் ஜனநாயகக் கட்சியினரே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதை அடக்கி வாசிக்க ஆரம்பித்தார்கள். திரும்ப வந்தால் மானியம் குறைந்து தங்கள் தொகுதி மக்கள்தான் அதிகம் கட்ட வேண்டிவரும் என்று அவர்களுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.